நம் டிராக்டர் ராத்திரியில் கார்க்காரர் கண்ணுக்குத் தெரிகிறதா?

கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் ராத்திரி முழுக்க டிராக்டர் ஓட்டம்தான். ஆலையில் வரிசை பிடிக்க வேண்டும், கரும்பு காய்வதற்குள் எடை போட வேண்டும் என்ற அவசரம். நெல் அறுவடை நேரத்தில் டெல்டாவிலும் இதே கதை. இந்த மாதங்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. ‘‘கார்க்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வர்றாங்க சார்!’’

கார் ஓட்டுபவரைக் கேட்டால், ‘‘டிராக்டர்காரங்க பின்னால ஒரு சின்ன லைட்கூட போட மாட்டேங்கறாங்க சார்’’ என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கார்க்காரரின் வேகம் நம் கையில் இல்லை. நம் டிரெய்லரின் பின்பக்கம் நம் கையில்தான் இருக்கிறது. அதனால் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் மூன்று பேச்சுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

‘‘லைட் போட்டுத்தானே வர்றான், தெரியாதா?’’

தெரியாது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 20 கிலோமீட்டரில் போகும் நம் டிராக்டர் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் குறைகிறது. டிம் லைட்டில் நம் டிரெய்லர் 50 மீட்டரில்தான் அவர் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒன்றரை, இரண்டு நொடி போய்விடும். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதுவும் இல்லை.

வாடகை கார் ஓட்டும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘‘எதிர்ல ஒத்த லைட் எரிஞ்சுது சார், பைக்குனு நினைச்சு ஓரமா போனேன். கிட்ட வந்தா டிராக்டரு!’’ ஒரு பல்பு போனதைச் சரிசெய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு வைத்தியம் பெரிய செலவு இல்லை. ஒளியைத் திருப்பிக் காட்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கிறது. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டுங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் போதாது. இரண்டு ஓரத்திலும் இருந்தால்தான் வண்டி எவ்வளவு அகலம் என்று பின்னால் வருபவருக்குப் புரியும். சேற்று வயலில் இருந்து ஏறியதும் ஒரு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கரும்பு ஏற்றுபவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பும் சோகையும் லைட்டையும் ஸ்டிக்கரையும் மூடிவிடும். ஒரு பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பாரத்தின் கடைசி முனையில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். டிராக்டர் பேட்டரியில் இருந்து ஒயர் இழுத்து ஒரு சிவப்பு எல்.இ.டி விளக்கும் அங்கே எரிந்தால் இன்னும் நல்லது.

வழியில் டயர் பஞ்சரானால் கூடிய மட்டும் சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். அடையாளத்துக்காகச் சுற்றி வைத்த கல்லை, வண்டி கிளம்பும்போது மறக்காமல் எடுத்துப் போடுங்கள். விட்டுப்போன கல்லில் ஏறி விழுவது நம் ஊர் பைக்காரராகத்தான் இருக்கும்.

‘‘வயல்ல ஓட்டறவனுக்கு ரோடு ஒரு விஷயமா?’’

உழவில் கெட்டிக்காரராக இருப்பவர்தான் இதில் ஏமாறுகிறார். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. வரப்பு ஓரத்தில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்போம். அதே பழக்கத்தில் சாலையில் வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்தால், அந்தச் சக்கரம் நின்று வண்டி சுழன்று கவிழும். இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தகடு இருக்கிறது. தார்ச் சாலையில் ஏறும் முன்பு அதைப் பூட்டுங்கள். டிஃபரன்ஷியல் லாக் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது வேண்டவே வேண்டாம். பிரேக் இல்லாத டிரெய்லரில் இருக்கும் பாரம் டிராக்டரைப் பின்னால் இருந்து தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பாரம் அளவுக்கு மீறினால் முன்சக்கரம் லேசாகித் தூக்கும். அப்போது ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது.

‘‘நாலு எட்டு தூரம்தானே, ஏறிக்கோ!’’

டிராக்டரில் இருப்பது ஓட்டுநருக்கான ஒரே ஒரு இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்தவர் ஒரு குழியில் தூக்கிப்போட்டால் விழுவது நேராகப் பின்சக்கரத்துக்குக் கீழேதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிப்போவதும் அப்படித்தான். விவசாய டிராக்டருக்கு எடுக்கும் சாதாரண பாலிசியில், டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சேராது. ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தை விற்றாலும் அடைக்க முடியாத தொகையாக அது இருக்கலாம். ஆட்களுக்கு ஆட்டோ, வேன் பேசுங்கள். பாலிசித் தாளில் டிராக்டரோடு டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

‘‘எம்பையன் எட்டாவதுலயே டிராக்டர் ஓட்டுவான்’’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் சாலையில் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால்...

முதலில் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நடப்பில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். ‘தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்’ என்று ஒதுங்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவி செய்பவருக்குச் சட்டமே பாதுகாப்பு தருகிறது.

சாலையில் ஏறும் முன்பு...

* முன் விளக்கு இரண்டும், பின் விளக்கும் எரிகிறதா?
* ஸ்டிக்கர் சுத்தமாக, மறையாமல் இருக்கிறதா?
* பிரேக் பெடல்கள் பூட்டியிருக்கிறதா?
* டிரெய்லர் இணைப்புப் பின்னும், அதன் பூட்டு ஊசியும் சரியாக மாட்டியிருக்கிறதா?
* கேஜ் வீலைக் கழற்றியாகிவிட்டதா?
* மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆள் இல்லையே?

இத்தனையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ராத்திரி வண்டி எடுக்கும் ஓட்டுநரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். டிராக்டர் பராமரிப்பு, காப்பீடு பற்றிச் சந்தேகம் இருந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பதில் சொல்கிறேன்.