தவழும் பிள்ளைக்கு எந்தத் தரை நல்லது?

கேள்வி: 'எங்களுக்குக் கரிசல் காட்டில் 3 ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். புது வீட்டில் சுவரும் மேல்தளமும் முடிந்துவிட்டன. தரை மட்டும் பாக்கி. கையில் இருக்கும் பணத்துக்கு சிமென்ட் தரைதான் போட முடியும். பளபளப்பான டைல்ஸ் என்றால் நகையை அடகு வைக்க வேண்டும். மூத்தவனுக்கு 3 வயது. சின்னவளுக்கு 8 மாதம், தவழ்கிறாள். பிள்ளைகளுக்கு டைல்ஸ்தான் சுத்தம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். என்ன செய்யலாம்?'

- வாசகி, கோவில்பட்டி வட்டாரம்.

பயிருக்கு வரும் பூச்சி, நோய் பற்றித்தான் வழக்கமாக என்னிடம் கேள்வி வரும். வீட்டுத் தரை பற்றி வந்திருப்பது இதுதான் முதல் முறை. ஆனால், இதிலும் பாதி விஷயம் மண் பற்றியது, மீதி பூச்சிமருந்து பற்றியது என்பதால் நானே பதில் எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம், சகோதரி. ஒழுங்காகப் போட்ட சிமென்ட் தரை உங்கள் பிள்ளைகளுக்குப் போதும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண் தரையும் சிமென்ட் தரையும்

மெக்சிகோ நாட்டின் கோவாவிலா மாநிலத்தில் 2000-ம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மண் தரை உள்ள ஏழை வீடுகளுக்கு அரசாங்கமே சிமென்ட் தரை போட்டுக் கொடுத்தது. அதன் பலனை ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். வீட்டின் மண் தரை முழுவதும் சிமென்டாக மாறினால், சிறு பிள்ளைகளுக்கு வரும் குடல் ஒட்டுண்ணித் தொல்லை 78 சதவிகிதமும், வயிற்றுப்போக்கு 49 சதவிகிதமும், ரத்தசோகை 81 சதவிகிதமும் குறைவதாகக் கணக்கிட்டார்கள். அங்கே போட்டது டைல்ஸோ கிரானைட்டோ அல்ல, வெறும் சிமென்ட் தரைதான்.

இதற்குக் காரணம் எளிது. மண் தரையில் புழு முட்டையும் கிருமியும் ஈரத்தோடு தங்கிவிடும். அதைக் கழுவ முடியாது. தவழும் குழந்தை உள்ளங்கையைத் தரையில் ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும். சாணம் மெழுகினால் தூசி அடங்கும், தரை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால், பச்சைச் சாணத்திலும் கிருமிகள் உண்டு. சிமென்ட் தரை என்றால் கழுவலாம், துடைக்கலாம், சீக்கிரம் காய்ந்துவிடும். ஆக, மண்ணிலிருந்து சிமென்டுக்கு மாறும்போதுதான் பிள்ளைக்குப் பெரிய நன்மை கிடைக்கிறது. சிமென்டுக்கு மேலே வரும் பளபளப்பு பெரும்பாலும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

கரிசலை வீட்டுக்குள் கொட்டாதீர்கள்

கோடையில் உங்கள் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் தோண்டிய கரிசலையே கூடத்துக்குள் கொட்டி மேடாக்குவது நம் பக்கம் பலர் செய்யும் தவறு. மேலே எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்டினாலும், அடியில் மண் அசைந்தால் தரை விரிசல் விடும் அல்லது தூக்கிக்கொள்ளும். விரிசலில் அழுக்கும் எறும்பும் சேரும். தவழும் பிள்ளையின் விரல் முதலில் போவதும் அங்கேதான்.

ஆகவே, உள்ளே நிரப்ப சரள் மண் வாங்குங்கள். அரை அடி உயரம் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் நன்றாக இடியுங்கள். பிறகு அடுத்த அரை அடி. ஒரேயடியாகக் கொட்டி மூடினால் பிற்பாடு இறங்கும். அதன்மேல் 1 பங்கு சிமென்ட், 4 பங்கு மணல், 8 பங்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி கலந்து 4 இஞ்ச் கனத்துக்குத் தளம் போடச் சொல்லுங்கள். மேல்தளத்து மழைநீர் சுவரோரம் விழுந்து தேங்காதபடி வீட்டைச் சுற்றி வாட்டம் கொடுங்கள்.

கரையானுக்காகக் காட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைத் தரைக்கு அடியில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூடவே கூடாது. அதற்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தை, பயிற்சி உள்ள ஆளைக் கொண்டு, தளம் போடும் முன்பே அடிக்க வேண்டும்.

சிமென்ட் தரை: செய்முறையில்தான் ஆயுள்

10-க்கு 12 அடி அறைக்குக் கணக்கு சொல்கிறேன். ஒன்றரை இஞ்ச் கனத்தில் 1:2:4 கலவைக்கு சிமென்ட் சுமார் 3 மூட்டை, மணல் 7 கன அடி, அரை இஞ்ச் சிப்ஸ் ஜல்லி 13 முதல் 14 கன அடி வேண்டும். மேலே இழைக்கும் சிமென்ட் பாலுக்கு இன்னும் அரை மூட்டை. அறை முழுவதையும் ஒரே பாளமாகப் போடாமல் 4 அடிக்கு 4 அடி கட்டங்களாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சிமென்ட் காயும்போது சுருங்கும். கட்டம் பிரித்தால் அந்தச் சுருக்கம் கோட்டோடு நிற்கும், நடுத்தரையில் விரிசல் ஓடாது.

சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஈரத் தரையில் உலர்ந்த சிமென்டை அள்ளித் தூவ விடாதீர்கள். மேலே மயிரிழை விரிசல் விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மறுநாள், வயலில் வரப்பு கட்டுவதுபோலக் கலவையால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். 10 நாள் காய விடாதீர்கள். இந்த 10 நாளில் அவசரப்பட்டால் தரை பொரிந்து தூசி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஈர சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதால் அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

சிவப்புத் தரை வேண்டுமென்றால் சிமென்ட் பாலில் ரெட் ஆக்சைடு கலந்து இழைக்கலாம். கை பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். சாயம் அதிகமானால் காலிலும் துணியிலும் ஒட்டும். சிமென்ட் தரை, ஆத்தங்குடிக் கல், கடப்பாக்கல் எதுவானாலும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் படக்கூடாது. மேற்பரப்பை அரித்துவிடும்.

டைல்ஸ் எங்கே போடலாம்?

மிச்சம் பிடித்த பணத்தில் சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் டைல்ஸ் போடுங்கள். எண்ணெயும் சோப்பும் படும் இடத்தில் துடைக்க வசதியாக இருக்கும். ஆனால், பளபளப்பானது வேண்டாம். சொரசொரப்பான 'மேட்' வகையைக் கேளுங்கள். வழுக்காத தன்மைக்கு 'ஆர்' எண் உண்டு. ஆர்-9 முதல் ஆர்-13 வரை இருக்கும். எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். குளியலறைக்கு ஆர்-10 அல்லது ஆர்-11 நல்லது. எண் போடவில்லை என்றால், கடையிலேயே ஒரு டைல்ஸைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை அதன்மேல் வைத்து இழுத்துப் பாருங்கள்.

2-க்கு 2 அடி டைல்ஸ் ஒன்று 4 சதுர அடி. அறையின் பரப்பை 4-ஆல் வகுத்து, உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். பெட்டிகளில் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும். ஒட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. அதைப் பெயர்த்து ஒட்டச் சொல்லிவிட்டுக் கூலி கொடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 12 வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பான டைல்ஸ் போட்டேன். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. ஒருநாள் அவள் சிந்திய தண்ணீரில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதன்பிறகு கைத்தடி இல்லாமல் அவர் நடக்கவே இல்லை. அந்த டைல்ஸ் கடையில் அழகைப் பார்த்தவன் நான்தான். ஈரத்தில் ஒரு தடவை கால் வைத்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் மாமியார், மாமனார் இருக்கலாம். ஓடும் பிள்ளைக்கு வழுக்கும் தரை அவர்களுக்கும் வழுக்கும்.

சுவரும் பெயின்ட்டும்

பிள்ளை கை எட்டும் 4 அடி உயரம் வரை கழுவக்கூடிய எமல்ஷன் அடித்து, மேலே சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடிக்கலாம். செலவு குறையும். சுண்ணாம்புக் கல்லைத் தாளிக்கும்போது பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. தெறித்தால் கண் போய்விடும். பெயின்ட் டப்பாவில் காரீயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2017 நவம்பர் முதல் இது சட்டம். காரீயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய கதவு, ஜன்னல் வாங்கிப் பொருத்தியிருந்தால் அதன் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசிதான் ஆபத்து. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

வாசலில் ஒரு கால் கழுவும் இடம்

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு நம் பக்கம் மருந்தடிப்பு கூடிவிட்டது. அடித்துவிட்டு அதே காலோடு, அதே வேட்டியோடு வீட்டுக்குள் நடந்தால் மருந்து தரைக்கு வரும். தரையிலிருந்து குழந்தையின் கைக்கு வரும். எந்தத் தரையும் இதைத் தடுக்காது.

வாசலுக்கு வெளியே 3-க்கு 3 அடியில் சொரசொரப்பான சிமென்ட் மேடை ஒன்று போடுங்கள். ஒரு குழாய் அல்லது தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் செருப்பு வைக்க ஒரு பலகை போதும். மருந்தடித்த அன்று வீட்டுக்காரர் கை, கால், முகம் கழுவி, துணியை மாற்றிவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தெளிப்பானையும் மருந்தையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே, பூட்டு உள்ள பெட்டியில் இருக்கட்டும். உர மூட்டையையும் கூடத்தில் அடுக்க வேண்டாம். உப்பு ஈரம் தரையை அரிக்கும்.

சிமென்ட் தரை கடினமானது என்பதால் சின்னவள் எழுந்து நிற்கப் பழகும்வரை கோரைப் பாயின் மேல் ஜமுக்காளத்தை மடித்து விரியுங்கள். தினமும் எடுத்து உதறி வெயிலில் போடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டாதீர்கள், அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

சரள் நிரப்பி இடிப்பது, தளம், 10 நாள் தண்ணீர், வாசல் மேடை. பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். நாளைக்கு ஒரு நல்ல மகசூல் வந்து ஆசைப்பட்டால், இதே தரையைக் கொத்திவிட்டு அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டிக்கொள்ளலாம். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.