கூடைப் பந்தும் மூன்றாவது கட்சியும்

பந்தயம் நடப்பதற்கு இரண்டு கட்சிகள் இருந்தால் போதும் என்று சாதாரணமாய் எண்ணுகிறோம். உண்மையில் மூன்றாவது கட்சி ஒன்றும் வேண்டும். ஆடுகிறவர்கள் ஒரு கட்சி. அவர்களை எதிர்த்து ஆடுகிறவர்கள் இன்னொரு கட்சி. இவர்களைச் சுற்றி உட்கார்ந்து கை தட்டி, தொண்டை வறள ஆர்ப்பரித்து, தங்கள் பக்கம் தோற்றால் இராச் சாப்பாடு இறங்காமல் வீடு திரும்பும் ஜனங்கள் மூன்றாவது கட்சி. இந்த மூன்றாவது கட்சி வராத மைதானத்தில் எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் அது தேகப் பயிற்சியாகுமே தவிரப் பந்தயமாகாது.

அமெரிக்க நாட்டுக் கலாசாலைப் பெண்களின் கூடைப் பந்துக்கு இந்த மூன்றாவது கட்சி முழுமையாக வந்து சேர நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. அது வந்து சேர்ந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், 2023-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று அயோவா மாகாணத்துக்கு ஓர் அபிமானியுடன் போய் வருவதே சுலபமான வழி. நேயர்களும் கூட வருவார்களாக. டிக்கட் செலவு நம்முடையதல்ல.

மைதானத்துக்குப் போகும் வழி

அயோவா நடு அமெரிக்காவிலுள்ள விவசாய மாகாணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோள வயல், இடையிடையே சிற்றூர்கள். நியூயார்க், சிக்காகோ போன்ற பெரிய பட்டணங்களில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய கோஷ்டிகள் உண்டு. அயோவாவில் அந்தத் தரத்துக் கோஷ்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆகையால் அந்த ஜனங்கள் தங்கள் அபிமானம் முழுவதையும் சர்வகலாசாலைக் கோஷ்டிகளிடம் வைத்திருக்கிறார்கள். கறுப்பும் பொன்னிறமும் அந்தச் சர்வகலாசாலையின் நிறங்கள். பந்தய நாளன்று தாத்தா முதல் கைக்குழந்தை வரையில் அந்த இரண்டு நிறங்களில்தான் உடுத்துவார்கள்.

அபிமானியின் நாள் பந்தயத்துக்கு வெகு நேரம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. மைதானத்துக்கு அருகில் மோட்டார் வண்டியை நிறுத்தி, அதன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது அந்த நாட்டு வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமில்லாமல் பரிமாறுவார்கள். நமது ஊர்த் தேர்த் திருவிழாவில் வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டுச் சோற்று மூட்டையைப் பிரிக்கும் குடும்பங்களை நினைத்துக்கொண்டால் காட்சி விளங்கிவிடும்.

அன்று ஜனங்கள் போய்ச் சேர்ந்த இடம் கின்னிக் மைதானம். இது கூடைப் பந்துக்காகக் கட்டியதல்ல. ஆண்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்காக ஏற்பட்டது. சுமார் 69,000 பேர் உட்காரலாம். 1943-ல் யுத்த சேவையின்போது விமான விபத்தில் உயிர் நீத்த நைல் கின்னிக் என்ற ஆட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெரிய திறந்த வெளியின் நடுவே மரத்தளம் ஒன்றைப் பரப்பி, இரு புறமும் கூடைகளை நிறுத்தி, இலையுதிர் காலத்துக் குளிர் காற்றில் பெண்களை ஆட வைத்தார்கள். எதிர்க் கட்சி, சிக்காகோவிலுள்ள டிபால் சர்வகலாசாலைப் பெண்கள். இது வெள்ளோட்டப் பந்தயம். ஜயித்தாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. அப்படியிருந்தும் வந்து உட்கார்ந்தவர்களின் தொகை 55,646! அதற்கு முன் பெண்கள் கூடைப் பந்தைப் பார்க்க ஒரே இடத்தில் கூடிய அதிகபட்சக் கூட்டம், 2002-ல் சான் அன்டோனியோ நகரில் நடந்த இறுதிப் பந்தயத்துக்கு வந்த 29,619 பேர்தான்.

பூட்டிய கதவு

இந்தக் கூட்டத்தின் அருமை தெரிய வேண்டுமானால் சற்றே பின்னோக்கிப் போக வேண்டும். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர் காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஆடுவதற்கென்று இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, பந்தை அவற்றில் போடச் சொன்னார். பத்தடி உயரம் இன்றும் மாறவில்லை.

அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கலாசாலையின் தேகப் பயிற்சி ஆசிரியை ஸெண்டா பெரன்ஸன் இதைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893 மார்ச் மாதத்தில் முதல் வகுப்புப் பெண்களும் இரண்டாம் வகுப்புப் பெண்களும் பந்தயம் ஆடினார்கள். பார்க்க வந்த மாணவிகள் தத்தம் வகுப்பின் வர்ணங்களை அணிந்து கோஷம் செய்தார்கள். ஆனால் ஆண்பிள்ளைகள் யாரும் உள்ளே வராதபடி கதவு பூட்டப்பட்டிருந்தது. 1896 ஏப்ரல் 4-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஸ்டான்போர்டு பெண்களும் பெர்க்கிலி பெண்களும் ஆடினார்கள். இரண்டு கலாசாலைப் பெண்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய முதற் பந்தயம் அதுதான். ஸ்டான்போர்டு 2, பெர்க்கிலி 1. அங்கும் புருஷர்களுக்கு அநுமதியில்லை. ஓடியாடும் பெண்ணை அந்நிய ஆடவர் பார்ப்பது மரியாதையல்ல என்பது அந்தக் காலத்து அபிப்பிராயம்.

பிற்பாடு கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவின் வழியாக அதிகம் பேர் வரவில்லை. பூட்டிய கதவைவிட இதுவே பெரிய துன்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நரைத்த தலைகள்

அயோவா மாத்திரம் இதற்கு விலக்கு. பெண்கள் வேகமாக ஓடினால் உடம்புக்காகாது என்று வைத்தியர்களும் ஆசிரியர்களும் பயமுறுத்திய காலத்தில், பெண்களுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். அவற்றின்படி ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூவர் கூடையில் பந்து போடுவார்கள். மூவர் எதிரிகளைத் தடுப்பார்கள். ஒருவரும் நடுக்கோட்டைத் தாண்டலாகாது. பந்தைத் தரையில் இரண்டு முறைக்கு மேல் தட்டவும் கூடாது. தடுக்கும் இடத்தில் நின்ற பெண், பள்ளிப் பருவம் முழுவதும் ஆடியும் ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போடாமலே ஓய்வு பெறுவாள்!

இப்படி விலங்கு பூட்டிய ஆட்டமானாலும், அயோவாச் சிற்றூர்கள் அதைத் தங்கள் ஆட்டமாக வரித்துக்கொண்டன. 1920 முதல் வருஷந்தோறும் மாகாணப் பந்தயம் நடந்தது. 1925-ல் மாகாணத்துப் பள்ளிக்கூட விளையாட்டுச் சங்கம் பெண்கள் பந்தயத்தைக் கைவிட்டபோது, சிற்றூர்ப் பள்ளி அதிகாரிகள் கூடிப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள். 1968-ல் நடந்த இறுதிப் பந்தயத்தில் டெனிஸ் லாங் என்ற பெண் 64 புள்ளிகளும், எதிர்க் கட்சியில் ஜீனட் ஓல்ஸன் என்ற பெண் 76 புள்ளிகளும் எடுத்தார்கள். 113-க்கு 107 என்று லாங்கின் கட்சி ஜயித்தது. அறுவர் ஆட்டம் 1993 வரையில் அங்கே நீடித்தது.

கின்னிக் மைதானத்தில் அன்று உட்கார்ந்திருந்த நரைத்த தலைகளின் ரகசியம் இப்பொழுது விளங்கும். அயோவாவின் வயது முதிர்ந்த ஸ்திரீகளில் பலர் தாங்களே நடுக்கோட்டின் ஒரு புறத்தில் நின்று ஆடியவர்கள். அன்று அயோவாக் கோஷ்டியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜான் ஜென்ஸன், 1987-ல் பள்ளி மாணவியாக ஆடியபோது பந்தயத்துக்குச் சராசரி 66 புள்ளி எடுத்தவர். அவருடைய பாட்டியும் 1920-களில் அதே ஆட்டத்தை ஆடியவர். தாங்கள் தாண்டக் கூடாதென்றிருந்த கோட்டைப் பேத்திகள் பந்தைத் தட்டிக்கொண்டு பறந்து கடப்பதைப் பார்க்கும்போது அந்த மூதாட்டிகளின் மனம் எப்படியிருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

சட்டமும் வாளியும்

மற்ற மாகாணங்களில் நிலைமை மாறியதற்கு 1972-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் முக்கிய காரணம். சர்க்கார் பணம் பெறும் பள்ளியிலோ கலாசாலையிலோ பெண் என்ற காரணத்தால் யாரையும் ஒதுக்கலாகாது என்று அச்சட்டத்தின் ஒன்பதாவது பகுதி விதித்தது. விளையாட்டு என்ற வார்த்தையே அந்த விதியில் கிடையாது. ஆனாலும் மைதானத்தின் கதவைத் திறந்தது அதுதான்.

அதே வருஷத்தில்தான் கலாசாலைப் பெண்களின் விளையாட்டுக்கென்று ஏற்பட்ட சங்கத்தின் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. ஜயித்தது பென்ஸில்வேனியாவிலுள்ள இம்மாகுலேட்டா என்ற சின்னஞ்சிறு கத்தோலிக்கக் கலாசாலை. பிரயாணச் செலவுக்குப் பணம் போதாமல் அப்பெண்கள் பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள். அவர்களுடைய அபிமானிகள் யார் தெரியுமா? கலாசாலையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகள்! அங்கி தரித்த அந்தச் சகோதரிகள் உலோக வாளிகளைக் கட்டையால் தட்டி எழுப்பிய ஓசையில் எதிர்க் கட்சியாரின் காது செவிடுபட்டதாம். இம்மாகுலேட்டா தொடர்ந்து மூன்று வருஷம் பட்டம் வென்றது. வாளிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கணக்கிட முடியாது. ஆனால் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அயோவா நகரத்திலும் 1985 பிப்ரவரியில் ஓர் அதிசயம் நடந்தது. விவியன் ஸ்டிரிங்கர் அம்மையாரின் பயிற்சியில் அயோவாப் பெண்கள் ஒஹையோ மாகாணப் பெண்களை எதிர்த்து ஆடிய தினத்தன்று, சுமார் 15,500 பேருக்கே இடமுள்ள மண்டபத்தில் 22,157 பேர் நிறைந்து, படிகளிலும் நடைபாதைகளிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைய ஆட்டம்

மறுபடியும் கின்னிக் மைதானத்துக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஒவ்வொன்றும் பத்து நிமிஷமாக நான்கு கால்பகுதிகள். பந்து கையில் கிடைத்த கட்சி 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். கிட்ட நின்று போட்டால் 2 புள்ளி. வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி. பிழைக்கு ஈடாகக் கிடைக்கும் எறிக்கு 1 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் ஆட்டத்தை ரஸிக்கப் போதும்.

அயோவாவின் 22-ம் எண் சட்டைக்காரி கெயிட்லின் கிளார்க். அந்த மாகாணத்திலேயே வளர்ந்த பெண். கோட்டிலிருந்து ஐந்தாறடி தள்ளி நின்றுகூட அநாயாசமாகப் பந்தை எறிந்து கூடையில் விழச் செய்வதில் கீர்த்தி பெற்றவர். அவருடைய ஆட்டங்களுக்கு வரும் சிறுமிகள் 22 என்று எழுதிய சட்டையை அணிந்துகொண்டு வருவார்கள். கட்டிடத்துக்குள் ஆடும் ஆட்டத்தில் காற்று என்பது ஒரு பிரச்னையே அல்ல. அன்றோ அது மூன்றாவது எதிரியாக வந்து நின்றது. ஆயினும் கிளார்க் 34 புள்ளிகள் எடுத்தார். திரும்பி வந்த பந்தை 11 முறை கைப்பற்றினார். 10 முறை தோழியர் கூடையில் போடும்படி பந்தைச் சேர்ப்பித்தார். அயோவா 94-க்கு 72 என்று ஜயித்தது.

அந்த மைதானத்தில் 2017 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. மைதானத்தை ஒட்டினாற்போல் சர்வகலாசாலையின் குழந்தைகள் ஆஸ்பத்திரி உயர்ந்து நிற்கிறது. கால்பந்துப் பந்தயங்களில் முதற் கால்பகுதி முடிந்ததும், கூடியிருக்கும் ஜனங்கள் அனைவரும் எழுந்து, ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஜன்னலோரத்தில் நிற்கும் நோயாளிக் குழந்தைகளை நோக்கிக் கையை ஆட்டுவார்கள். குழந்தைகளும் பதிலுக்குக் கையை ஆட்டும். அன்றைய பந்தயத்தின் பயனாக அந்த ஆஸ்பத்திரிக்கு 2,50,000 டாலர் போய்ச் சேர்ந்தது. வந்தவர்கள் வெறும் வேடிக்கைக்கு வந்தவர்கள் என்று இனி யார் சொல்ல முடியும்?

பார்வையின் விலை

இவ்வளவுக்கும் இரண்டரை வருஷங்களுக்கு முன், 2021 மார்ச்சில், பெண்கள் தேசியப் பந்தயத்துக்கு வந்த ஆட்டக்காரிகளுக்குத் தேகப் பயிற்சி சாதனமாக வைத்திருந்தது ஒரே ஒரு சிறு அடுக்குக் கைப்பளுக்கள். ஆண்களுக்கோ பெரிய கூடம் நிறையச் சாதனங்கள்! ஓர் ஆட்டக்காரி இதைப் படம் பிடித்து ஊரறியச் செய்த பிறகே சங்கத்தார் கண் விழித்தார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் இத்தகைய ஓரவஞ்சனைகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட சமாதானம். ஆள் இல்லையென்று சௌகரியம் செய்வதில்லை. சௌகரியமும் விளம்பரமும் இல்லையென்று ஆள் வருவதில்லை. விதையில்லாமல் மரமில்லை, மரமில்லாமல் விதையில்லை என்ற கதைதான்.

அந்த வட்டத்தை அறுத்தவர்கள் அபிமானிகளே. 2024 ஏப்ரல் 7-ந் தேதி நடந்த பெண்கள் இறுதிப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடி 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அவ்வருஷத்து ஆண்கள் இறுதிப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் 1 கோடி 48 லட்சம் பேர். பெண்களைப் பார்த்தவர்களின் தொகை ஆண்களைப் பார்த்தவர்களின் தொகையை விஞ்சியது அதுவே முதல் தடவை. அன்று அயோவா தோற்றது. டான் ஸ்டேலி அம்மையாரின் தென் கரோலினாக் கோஷ்டி 87-க்கு 75 என்று வென்று, அந்த வருஷம் ஆடிய 38 பந்தயங்களிலும் தோல்வியே காணாமல் பட்டம் சூடியது. கிளார்க் தம் கலாசாலை வாழ்க்கையை 3,951 புள்ளிகளோடு முடித்தார். அந்நாட்டுக் கலாசாலைகளின் முதற் பிரிவில் ஆண்களிலும் பெண்களிலும் அவ்வளவு எடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை.

நெய்ஸ்மித்தின் ஸ்பிரிங்பீல்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கலாசாலையைத் தோற்றுவித்தார். இன்று நம் ஊர்களில் எத்தனையோ பெண்கள் பள்ளிக்கூடங்களில் கூடைக் கம்பம் நிற்கிறது. மாலை வேளையில் பெண்கள் ஆடுகிறார்கள். சுவருக்கு வெளியே அவர்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்? பையன் ஆடும் கிரிக்கெட் பந்தயத்துக்கு ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வரும் தகப்பனாரை எனக்குத் தெரியும். பெண் ஆடும் பந்தயத்தன்று, "சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடு, அம்மா!" என்று சொல்லியனுப்புகிறவரும் அவரே. அவர் பெண்ணிடம் அன்பில்லாதவரல்ல. பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்தையாயிரம் பேர் வேண்டாம். அடுத்த பந்தயத்தன்று கோட்டோரத்தில் ஒரு பெஞ்சு நிறைந்தால் போதும். அப்பா ஒருவர், அம்மா ஒருத்தி, கையில் வாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டி. பந்து கூடைக்குள் விழுந்ததும் அந்தக் குழந்தை முதலில் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.