ஹெட் லைட்டுக்குப் பிலிம் ஒட்டுமுன்

இரவில் சரக்கு வேன் ஓட்டும் வியாபாரிகளுக்கு மங்கிய ஹெட் லைட் பெரும் ஆபத்து. அதன் முகப்பு கண்ணாடியல்ல, பொலிகாபனேட் எனும் பிளாஸ்டிக். வெயிலில் மேற்பூச்சு தேய்ந்ததும் மஞ்சளாகிறது. மஞ்சளின் மேலேயே பிலிம் ஒட்டுவது வீண் செலவு. முதலில் தண்ணீர் விட்டு, நைஸான சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பொலிஷ் பண்ணுங்கள். தேய்க்கும்போது எஞ்சிய பூச்சும் போய்விடும். ஆகவே அப்படியே விட்டால் மீண்டும் மஞ்சளாகும். பிலிம் அங்கேதான் உதவும்.

நிழலில் நிறுத்திக் கழுவி, சில துளி ஷாம்பு கலந்த தண்ணீரை லைட்டிலும் பிலிமின் பசைப் பக்கத்திலும் தெளியுங்கள். அப்போதுதான் நகர்த்திச் சரிபார்க்கலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு இறப்பர் துண்டால் தண்ணீரைத் தள்ளுங்கள். வளைவுகளில் ஹெயார் ட்ரையரால் இலேசாகச் சூடு காட்டினால் பிலிம் இளகிப் படியும். நிறமற்றதையே வாங்குங்கள், புகை நிறம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். முதலில் கழறுவது ஓரம்தான், அதனால் இரண்டு நாளைக்கு வேனைக் கழுவ வேண்டாம்.