திகாரின் பூட்டும் நம்மவர் காவலும்

திகார் என்பது செய்தித்தாளில் வரும் ஒரு பெயர் என்றுதான் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் நினைக்கிறார்கள். ஜெயில் ரோடு வழியாக நாள்தோறும் போய்வரும் எங்களைப் போன்ற மேற்குத் தில்லிவாசிகளுக்கோ அது பக்கத்துப் பேட்டை. அங்கே பாதுகாப்புப் பணியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே அந்தச் சிறையின் நல்லது கெட்டதில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

1958-ல் திறக்கப்பட்ட திகார், இன்று ஒன்பது சிறைகள் அடங்கிய வளாகம். ரோகிணி, மண்டோலி ஆகியவற்றையும் சேர்த்தால் தில்லியில் பதினாறு சிறைகள். இவற்றில் சுமார் 10,000 பேருக்கே இடம். 2022 இறுதியில் இருந்தவர்களோ ஏறத்தாழ 18,000 பேர். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் அதே கதைதான். அந்த ஆண்டுக் கணக்குப்படி 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். காவல் பக்கமோ, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்துக்கு மூன்று காலி.

கூட்டம் அதிகம், காவலர் குறைவு என்றால் அடிதடிக்குக் கேட்பானேன்? அரசியலமைப்பின்படி சிறைத்துறை மாநிலங்களின் பொறுப்பு என்றாலும் மத்திய அரசும் நிதி கொடுத்தே வந்திருக்கிறது. 2002-03 முதல் சில ஆண்டுகளுக்கு 1,800 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று நடந்தது. புதிய சிறைகள், கூடுதல் கொட்டடிகள், காவலர் குடியிருப்புகள் கட்டினார்கள். பிறகு 2021-26 காலத்துக்கு 950 கோடி ரூபாயில் சிறை நவீனமயத் திட்டம் வந்தது. இது கட்டடத்துக்கு அல்ல. கேமராக்கள், உடலைச் சோதிக்கும் ஸ்கேனர்கள், மெட்டல் டிடெக்டர்கள், செல்போன் ஜாமர்கள் போன்ற கருவிகளுக்கு.

கருவி வேண்டியதுதான். ஆனால் கருவி மட்டும் போதுமா? 2023 மே 2-ஆம் தேதி திகாரில் ஒரு விசாரணைக் கைதியைச் சக கைதிகள் குத்திக் கொன்றார்கள். கேமரா அதைப் படம் பிடித்தது, தடுக்கவில்லை. காவலர்கள் நிற்கும்போதே தாக்குதல் தொடர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன்பின் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் ஏழு பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களைக் குறை சொல்வது சுலபம். கத்தியோடு ஒரு கும்பல் பாயும்போது முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்பது திரும்பத் திரும்பப் பழகினால்தான் கைக்கு வரும். அந்தப் பழக்கத்தைத் தருவது பயிற்சி ஒன்றே.

பயிற்சிக்கு வழியில்லாமல் இல்லை. தென் மாநிலங்கள் சேர்ந்து நம் வேலூரில் 1979-லேயே சிறை அலுவலர்களுக்கென ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. கைதியை எப்படி அடைப்பது என்பதோடு, எப்படித் திருத்துவது என்பதும் அங்கே பாடம். திகாரிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1993 முதல் 1995 வரை அங்கே தலைமை ஏற்ற கிரண் பேடி, கைதிகளின் மனுக்களை வாங்க நடமாடும் பெட்டி வைத்தார். படிப்பு வகுப்புகளுக்கு வழி செய்தார். 1994 ஏப்ரலில் கோயங்கா நடத்திய விபாசனா தியான முகாமில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். குறையைச் சொல்ல ஒரு வழியும், பொழுதைப் போக்க ஒரு வேலையும் இருந்தால் உள்ளே உஷ்ணம் தணியும். அது கைதிக்கும் நல்லது, காவலருக்கும் நல்லது.

அதைவிட நல்லது, உள்ளே இருக்கத் தேவையில்லாதவரை வெளியே அனுப்புவது. இங்கேதான் நம்மைப் போல் வெளியூரில் பிழைப்பவர்களுக்கு உறைக்கும் விஷயம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தேனிப் பக்கத்துச் சமையற்காரர் ஒருவர் சிறு வழக்கில் மாட்டிக்கொண்டார். ஜாமீன் கிடைத்தும் பதினெட்டு நாள் உள்ளேயே கிடந்தார். ஊரில் மனைவி பெயரில் நிலம் இருந்தது. ஆனால் பட்டா தமிழில். "இது என்ன எழுத்து?" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் வைப்புத்தொகை ரசீதைக் காட்டிப் பிணை நின்றார்.

இந்த அவலத்தை 1978-லேயே ஒரு நீதிபதி கண்டித்திருக்கிறார். பாலக்காட்டில் பிறந்தவரும் 1957-ல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவருமான வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் அவர். மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் தொகையை ஆயிரமாகக் குறைத்தது. தமிழரும் மலையாளியும் சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார் கிருஷ்ணய்யர். அடுத்த ஆண்டே, திகாரில் சக கைதி அடிபட்டதைச் சொல்லி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, கைதியின் உடலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்ததும் அவரே.

இன்று உதவிகள் கூடியிருக்கின்றன. காவலில் இருப்பவர் எவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100. ஏழைக் கைதிகளுக்காக 2023-ல் வகுத்த திட்டத்தில், ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே கட்ட வழி செய்தார்கள். கடுமையான சில சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு இது கிடையாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, முதல் முறை சிக்கியவர் உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விடவேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களும் இதில் சேரமாட்டார்கள்.

பணமும் சட்டமும் இருந்தும், மனுவைத் தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் கிடக்கிறார்கள். நம் சங்கத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் இருக்கிறார்கள். இந்தியும் தமிழும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பட்டாவை இந்தியில் பெயர்த்துத் தர, சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட நடக்க, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒதுக்க நாலு பேர் முன்வந்தால் போதும். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.