ஏறியிறங்கும் நகர்

தென் இத்தாலியின் பெருநகராகிய நேப்பிள்சுக்கு மேற்கே, சில மைல் தொலைவில், கடலோரமாய் அமைந்தது பொத்சுவோலி என்னுஞ் சிறு நகர். உரோமர் காலத்தில் இது புத்தியோலி எனப் பெயர் பெற்ற பெருந்துறைமுகம். எகிப்துக் கோதுமையை ஏற்றிவந்த கலங்கள் இங்கே நங்கூரமிட்டன. இவ்வூர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலப்பின் அது நீருக்குள்ளும் இறுகுமென்பதை உரோமர் அறிந்திருந்தனர். சீமெந்துத் தொழிலில் இன்றும் வழங்கும் 'பொசொலானா' என்னும் பெயர் இந்நகரின் பெயரடியாகப் பிறந்ததே.

நிற்க. இந்நகருக்கு அறிஞருலகிற் புகழ் தேடித் தந்தவை துறைமுகத்தருகே நிற்கும் மூன்று சலவைக்கல் தூண்களாம். 1750 இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது செராபிசு என்னுந் தெய்வத்தின் சிலை கிடைத்தமையால், அதனைச் 'செராபிசு கோயில்' என்றனர். அஃது உரோமரின் சந்தைக் கட்டடமே எனப் பின்னர்த் தெளிந்தும் பழைய பெயர் போகவில்லை. பிழையான பெயருக்கே ஆயுள் அதிகம் போலும்!

அத்தூண்களின் அடிப்பாகம் ஏறத்தாழ 12 அடி வரை வழுவழுப்பாயுள்ளது. அதற்குமேல் ஏறத்தாழ 9 அடிக்கு எண்ணிறந்த துளைகள். அவை உளியால் இட்டவை அல்ல. கல்லைக் குடைந்து வாழும் ஒருவகைக் கடற்சிப்பிகள் இட்டவை. கடற்சிப்பி தரையில் நிற்குந் தூணைக் குடைந்தது எங்ஙனம்? மண் மூடிய அடிப்பாகம் தப்ப, மேற்பாகம் கடலுள் அமிழ்ந்திருத்தல் வேண்டும்; பின்னர் மீண்டெழுந்திருத்தலும் வேண்டும். கடல்மட்டமே உயர்ந்து தாழ்ந்ததெனின் அதன் அடையாளம் அயற்கரைகள் எங்கணும் காணப்படவேண்டுமன்றோ? ஆகவே அசைந்தது நிலமே. தூண்கள் சாயாது நின்றமையால் அவ்வசைவு மிக மெல்ல நிகழ்ந்ததென்பதும் பெறப்படும். 1828 இல் இவற்றைக் கண்ட சாள்ஸ் லயல், 1830 இல் வெளியிட்ட தமது புவிச்சரிதவியல் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தையே அமைத்தார்.

இவ்வசைவுக்குக் காரணம், நகர் பரந்ததோர் எரிமலை வாயினுள்ளேயே இருத்தல். நிலத்தின் கீழ் வெப்பக் குழம்பும் வாயுக்களும் நெருக்குங்கால் தரை உயரும். நெருக்கம் தணியத் தாழும். 1538 இல் தரை உயர்ந்து, இறுதியில் வெடித்து, ஒரு கிழமைக்குள் 'புதுமலை' எனும் குன்றே எழுந்தது. 1982 முதல் 1984 வரை நகர் ஏறத்தாழ 6 அடி உயர்ந்தது; ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தனர்; எரிமலையோ வெடிக்கவில்லை. வெடித்த உயர்வுக்கும் வெடியாத உயர்வுக்கும் வேற்றுமையை முன்கூட்டியே அறிவிப்பார் எவருமிலர். ஊரை விட்டுப் போவதா, இருப்பதா என்னும் வினா இதனாலேயே அங்கு ஒவ்வொரு வீட்டின் வினாவாகின்றது.

2005 முதல் தரை மீண்டும் உயர்ந்து வருகின்றது. 2024 மே 20 இல் 4.4 அளவான நடுக்கம் வீடுகளைப் பிளந்தது. துறைமுகத்தில் நீர் வற்றி மீனவர் தோணிகள் தரைதட்டின. மேட்டின்மேலுள்ள பழைய குடியிருப்பாகிய இரியோனே தெராவிலிருந்து 1970 இல் ஏறத்தாழ 3,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் அங்கு மீளக் குடியேறவேயில்லை.