காரிலிருந்து கூடத்துக்கு வந்த வூஃபர்

காரின் பின்புறத்தில் இருந்த காலத்தில் கண்ணாடிகளையெல்லாம் அதிரவைத்து, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்குள்ளேயே புகுந்து ஒலித்த ஒரு சப்வூஃபர், அந்தக் காரை விற்கும் சமயத்தில் கழற்றி எடுக்கப்பட்டு, வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்கு அருகே வைக்கப்பட்டதும், பழைய வல்லமையில் பாதிகூட இல்லாமல் முனகுவதைக் கண்டு ஏமாந்தவர்கள் அநேகர். வூஃபர் கெட்டுப்போயிற்று என்றோ, கார்ச் சாமான் வீட்டுக்கு உதவாது என்றோ அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு அபிப்பிராயமும் பிசகு. காருக்குள் கேட்ட சப்தத்தில் வூஃபர் உண்டாக்கியது ஒரு பங்கு. காரே உண்டாக்கியது இன்னொரு பங்கு. வீட்டுக்கு வூஃபர் மட்டும் வந்து சேர்ந்தது. கார் அதற்குக் கொடுத்துவந்த உதவிகள் எவை என்று அறிந்து, அவற்றை வேறு வழியில் ஈடுசெய்துவிட்டால், புதிய ஹோம் தியேட்டர் சப்வூஃபருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே சினிமாக் கொட்டகையின் கம்பீரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது என் திடமான நம்பிக்கை.

வூஃபரின் தத்துவம் ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்டது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெலாக் என்ற இரு பொறியியல் நிபுணர்கள் 1925-ஆம் ஆண்டில் விவரித்த ஒலிபெருக்கியில் இருந்த அதே உறுப்புகள்தான், அதாவது காந்தமும், அதன் இடுக்கில் தொங்கும் கம்பிச்சுருளும், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பும்தான், இன்றைய வூஃபரிலும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் இப்படியும் அப்படியுமாகப் பாய, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஆனால் தாழ்ந்த ஸ்வரங்களை எழுப்புவது மிகுந்த சிரமமான காரியம். 60 ஹெர்ட்ஸில் எழுப்பிய அதே அளவு ஒலியை 30 ஹெர்ட்ஸில் எழுப்பவேண்டுமானால், கூம்பு நாலு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, அவ்வளவு தாழ்ந்த சப்தங்களைப் பொறுத்தவரை நமது செவியும் மந்தமானதே. ஆகையால்தான் வூஃபருக்கு அகன்ற கூம்பும், நெடுந்தூரம் அசைய இடங்கொடுக்கும் தடித்த ரப்பர் விளிம்பும், கனத்த காந்தமும் தேவைப்படுகின்றன.

கார் வூஃபருக்கு இவற்றோடு இன்னொரு விசேஷமும் உண்டு. டிக்கியில் கிடைக்கும் கொஞ்ச இடத்துக்குள் சிறிய பெட்டியில் அடங்கவேண்டியது அதன் விதி. சிறிய பெட்டிக்குள் இருந்துகொண்டு தாழ்ந்த ஸ்வரம் பாடவேண்டுமானால் கூம்பு கனமாக இருக்கவேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது எதற்காகவோ, அதற்காகத்தான் இந்தக் கனமும்: பாரம் ஏறினால் அதிர்வு நிதானப்பட்டு ஸ்வரம் இறங்குகிறது. ஆனால் பாரத்தை அசைக்கச் சக்தி வேண்டும். பெட்டியும் சிறியதாக இருக்கவேண்டும், ஸ்வரமும் ஆழமாக இருக்கவேண்டும், மின்சாரமும் குறைவாகச் செலவாகவேண்டும் என்று மூன்று வரங்களையும் ஒருசேரக் கேட்டால் பௌதிக சாஸ்திரம் அருளாது, இரண்டைத்தான் கொடுக்கும். கார் வூஃபரைச் செய்தவர்கள் முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டுவிட்டார்கள். வாட் கணக்கை அள்ளி வீசும் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் கார்களில் குடியேறியதன் ரகசியம் இதுவே.

இனி, காரின் பங்கு. ஓர் ஒலியின் அரை அலைநீளம் ஓர் அறையின் மிக நீண்ட பக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டால், அந்த அறைக்குள் அலை அலையாகச் சஞ்சரிக்காது. அறையில் அடைபட்ட காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்தியும் தளர்ந்தும் அதிரும். காரின் உட்புற நீளம் இரண்டரை மீட்டர் என்று கொண்டால், இந்த நிலைமை ஏறத்தாழ 68 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்குகிறது. அதற்குக் கீழே ஸ்வரம் ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம், காற்றுப் புகாத காராக இருந்தால், ஒலி 12 டெசிபல் ஏறிவிடும். மூடிய பெட்டிக்குள் வைத்த வூஃபரின் சுபாவமோ, ஓர் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் இறங்குவது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட, 30 ஹெர்ட்ஸ்வரைக்கும் சமமாக ஒலிக்கிறது. எவரும் திட்டமிடாமலே வாய்த்த இந்தப் பொருத்தத்தை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 12 டெசிபல் என்பது பதினாறு பங்கு மின்சக்திக்குச் சமம். அவ்வளவையும் கார் இலவசமாகக் கொடுத்துவந்தது. கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கும் விசாலமான கூடம் இந்தத் தயவைக் காட்டுவதில்லை.

பழைய வூஃபரை வாங்குகிறவர்கள், உதாரணமாகச் சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிக் குவித்திருக்கும் கார்ச் சாமான்களிடையே தேடுகிறவர்கள், வாங்குமுன் சில பரீட்சைகளைச் செய்துவிடவேண்டும். முதலில் காந்தத்தின் பின்புறத் துவாரத்தில் முகர்ந்து பார்க்கவேண்டும். கருகிய வார்னிஷ் நெடி அடித்தால் சுருள் சூடு கண்டிருக்கிறது. பிறகு இரு கைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்தி, காதைத் தாழ்த்திக் கேட்கவேண்டும். சுருள் காந்தத்தில் உரசினால் மணலைத் தேய்ப்பதுபோன்ற மெல்லிய சரசரப்பு எழும். அந்த வூஃபரை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். விளிம்பு ஃபோமினால் ஆனதாக இருந்தால் நகத்தால் லேசாக நிமிண்டிப் பார்த்தால் போதும். காலம் கழிந்த ஃபோம் உதிர்ந்துவிடும். மல்டிமீட்டரால் அளந்தால் 4 ஓம் சுருள் மூன்றரைக்குச் சமீபமாகக் காட்டும். கடைசியாக, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு ‘டப்’ என்ற ஓசையோடு முன்னால் எழும்பி நிற்கவேண்டும்.

வாங்கியாயிற்று, இனிப் பெட்டி. பெட்டியில்லாத வூஃபர் ஊமை. கூம்பின் முன்புறம் அழுந்தும் காற்று உடனே சுற்றிவந்து பின்புறத்துத் தளர்வை நிரப்பிவிடுவதால் தாழ்ந்த ஸ்வரம் பிறந்த இடத்திலேயே மாய்ந்துபோகிறது. அமெரிக்கரான எட்கர் வில்சூர் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.ஆர்.-1 என்ற ஒலிபெருக்கி, இறுக மூடிய சிறிய பெட்டியின் காற்றையே வில்லாகக் கொண்டு கூம்பைத் தாங்கச் செய்து, பீரோ அளவு பெட்டிகளின் காலத்தை முடித்துவைத்தது. பெட்டியின் அளவைக் குத்துமதிப்பாக நிர்ணயிக்கும் வழக்கத்தை ஒழித்த பெருமை ஆஸ்திரேலியாவில் உழைத்த இருவரைச் சாரும். நெவில் தீல் 1961-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையும், அதைத் தொடர்ந்து எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் வெளியிட்டவையும், எந்த வூஃபரின் குணத்தையும் சில எண்களில் அடக்கிக் காட்டின. அந்த எண்களில் நமக்கு முக்கியமானவை மூன்று: எஃப்.எஸ். என்பது கூம்பின் இயல்பான அதிர்வெண், வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தொங்கலுக்குச் சமமான நெகிழ்ச்சியுள்ள காற்றின் கனஅளவு, க்யூ.டி.எஸ். என்பது அதிர்ந்த கூம்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு. காந்தத்தின்மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துக்கொண்டு இவற்றைத் தேடிப் பிடிக்கலாம்.

கணக்கு எளிது. ஒரு 12 அங்குல வூஃபருக்கு எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 50 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.5 என்று வைத்துக்கொள்வோம். வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் கனஅளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதைக் கொண்டு மற்ற இரண்டு எண்களையும் பெருக்கவேண்டும். காரில் இருந்த 25 லிட்டர் பெட்டியில் அதிர்வெண் 52 ஹெர்ட்ஸாகவும் க்யூ 0.87 ஆகவும் ஏறுகின்றன. காருக்குள் இது குற்றமில்லை. கூடத்திலோ சற்றுக் கும்மென்று ஒலித்து, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வற்றிவிடும். அதே வூஃபரை 50 லிட்டர் பெட்டிக்கு மாற்றினால் அதிர்வெண் 42-க்கு இறங்குகிறது, க்யூ 0.707 ஆகிறது. மேடுபள்ளம் இல்லாமல் கூடியமட்டும் ஆழமாகச் செல்லும் அளவு அதுவே. கார் வூஃபரைப் பழைய பெட்டியோடு அப்படியே கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். குழாய் வைத்த பெட்டி இன்னும் ஆழமாகப் போகும் என்பது மெய். ஆனால் குழாயின் சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இராது, கணக்கும் தவறு பொறுக்காது. முதல்முறை செய்கிறவருக்கு மூடிய பெட்டியே உத்தமம்.

பெட்டியை 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில், அல்லது நல்ல ப்ளைவுட்டில், உட்புறம் பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர் வரும்படி செய்தால், வூஃபர் அடைத்துக்கொள்ளும் இடம் போக ஐம்பது லிட்டருக்குக் குறையாது. எட்டுக்கு நாலு அடிப் பலகையில் பாதியே தாராளம். பலகைகள் பொருந்தும் இடமெல்லாம் மரப்பசை பூசி ஸ்குரூ முறுக்கி, உட்புற மூலைகளைச் சிலிகானால் அடைத்து, எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துவிடவேண்டும். காற்றுக் கசியும் சிறு துவாரமும் சீறும். செயற்கை இழைத் தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரிதானதுபோன்ற பலன் கிடைக்கும்.

மின்சார விஷயத்தில் கவனம் அவசியம். கார் வூஃபர்களில் பலவற்றுக்கு இரட்டைச் சுருள் உண்டு. நாலும் நாலுமான சுருள்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம். இரண்டும் இரண்டுமானால் 4 அல்லது 1. வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்குவது அரிதாகையால் தொடர் இணைப்பே தக்கது. ஒரு சுருளை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விடக் கூடாது. மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். ஹோம் தியேட்டர் ரிசீவரின் ‘சப்’ துளையிலிருந்து வருவது வெறும் சமிக்ஞை, வூஃபரை அசைக்கும் சக்தி அதில் கிடையாது. வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் தனி சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயரே நல்லது. காரின் ஆம்ப்ளிஃபயரையே உபயோகிக்க விரும்பினால் அதற்கு 12 வோல்ட் வேண்டும். 300 வாட் கொடுக்கும் பழைய ஏ-பி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் 50 ஆம்பியர்வரை இழுக்கும், டி வகுப்பானால் ஏறத்தாழ 30. சென்னை ரிச்சி தெருவில் விளக்குப் பலகைகளுக்காக விற்கும் 12 வோல்ட், 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். மின்சப்ளை இந்த இரண்டாவதற்கு ஒருவாறு போதும். அதன் எர்த் முனையை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. ‘ரிமோட்’ முனைக்கும் 12 வோல்ட் கொடுத்தால்தான் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்ளும். கார் பேட்டரியையே கூடத்தில் வைத்து சார்ஜ் செய்துகொண்டு பாட்டுக் கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம்; அது ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும்.

சினிமாவில் ‘5.1’ என்று சொல்லும்போது அந்தப் புள்ளி ஒன்று குறிப்பது, 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட இடிமுழக்கங்களுக்கென்றே ஒதுக்கிய தனித் தடத்தை. ரிசீவரில் பிரிப்பு எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் அந்தத் தடமும், சிறிய ஸ்பீக்கர்களால் தாங்க இயலாத மற்ற தாழ்ந்த ஒலிகளும் வூஃபருக்கு வந்துசேரும். சப்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று செவியால் கண்டுகொள்ள முடியாத எல்லையும் ஏறக்குறைய அதுவே.

எஞ்சியிருப்பது இடம். ஐந்து மீட்டர் நீளக் கூடத்தில் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு கோடிச் சுவர்களிலும் ஓங்கி, நட்டநடுவில் மாய்ந்துவிடும். சோபா நடுவில் இருந்தால் எவ்வளவு பெரிய வூஃபரும் அங்கே அந்த ஸ்வரத்தைக் கேட்பிக்காது. வூஃபரைத் தற்காலிகமாக சோபாவின்மேலேயே வைத்து, தாழ்ந்த ஸ்வரங்கள் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து, எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைப்பதுதான் அனுபவஸ்தர்களின் முறை. கூடத்தின் மூலை பொதுவாக ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். காரிடம் இழந்ததில் கொஞ்சம் அங்கே திரும்பக் கிடைக்கும். ஒரே ரகத்து வூஃபர்கள் இரண்டு கிடைத்தாலோ, இரண்டு பெட்டிகளாகச் செய்து எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். ஒன்று எழுப்பும் அந்த 34 ஹெர்ட்ஸ் மேட்டை மற்றொன்று தணித்துவிடுவதால், சோபாவின் இந்த முனையில் உட்கார்ந்தவருக்கும் அந்த முனையில் உட்கார்ந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே சப்தம் கேட்கும்.