ஜெஃப்ரிக் கிழவனும் காத்து கருப்பும்

1716 டிசம்பரில் இங்கிலாந்தின் எப்வர்த் ஊர்ப் பாதிரியார் வீட்டில் யாரோ சுவரைத் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆளில்லாத மாடியில் காலடி, முனகல், பாட்டில்கள் நொறுங்கும் ஓசை. பிள்ளைகள் அதற்கு 'ஜெஃப்ரிக் கிழவன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தகப்பனார் சாமுவேல் வெஸ்லி மன்னருக்காக ஜெபிக்கும்போது தட்டல் பலமாகுமாம். லண்டனில் படித்துக்கொண்டிருந்த மகன் ஜான், பிற்பாடு வீட்டாரைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, 1784இல், அதைத் தம் பத்திரிகையிலேயே அச்சிட்டார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. உச்சிவேளையில் ஒற்றைப் புளியமரத்தைத் தாண்டி வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், 'காத்து கருப்பு பட்டிருக்கும்' என்று வேப்பிலையை எடுப்பார்கள். ஜான் வெஸ்லி அதைக் கண்டு சிரித்திருக்க மாட்டார். சூனியம் இல்லையென்பது வேதத்தையே கைவிடுவதாகும் என்று 1768இல் நாட்குறிப்பில் எழுதியவர் அவர். 1788இல் பிரிஸ்டலில் ஜார்ஜ் லூகின்ஸ் என்ற தையற்காரர், தம்மை ஏழு பேய்கள் பிடித்திருப்பதாகச் சொன்னார். ஒரு ஆங்கிலிகன் பாதிரியாரும் ஆறு மெதடிஸ்ட் போதகர்களும் கோயிலில் கூடி ஜெபித்து ஓட்டினார்கள். ஏழு பேய்க்கு ஏழு பேர்!

1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மெதடிஸ்ட் மிஷனரி யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து வெஸ்லியின் சபையை ஊன்றினார். அந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனரிகள் பலர் நம் முனிகளையும் காவல் தெய்வங்களையும் 'பேய் வழிபாடு' என்று ஒரே சொல்லில் அடைத்தார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. மெதடிஸ்டுகளின் மூத்தவர் வீட்டுச் சுவரையே ஒரு பேய் தட்டியிருக்கிறது. உடுக்கைக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து பேச அவர்களிடம் எவ்வளவு இருந்தது!

1947இல் அந்தச் சபை தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. பேயோட்டும் குரல் இன்று பெந்தெகொஸ்தே ஜெபக்கூடங்களில்தான் ஓங்கிக் கேட்கிறது. எப்வர்த் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. மாடியறைக்கு இன்னும் ஜெஃப்ரியின் பெயர்தான்.

பேயை நம்பிய அதே வெஸ்லி, 1747இல் ஏழைகளுக்காக ஒரு கைவைத்திய நூலும் வெளியிட்டார். ஜெபம் ஒரு கை, மருந்து ஒரு கை. கல்வராயன் மலைப்பக்கத்துக் கள்ளக்குறிச்சிக்குச் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பேருந்தில் மந்திரித்த கயிறு கட்டிய மணிக்கட்டுகளைப் பார்க்கலாம். அந்தக் கையிலேயே, நான்காக மடித்த மருந்துச் சீட்டு.